அக்ரிவ் பேஸ் கிற்றாருக்கு எந்த 9 வோல்ற் பற்றரி? வன்னி மேடைகளில் வாசிப்பவரின் மதிப்பீடு

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கடைகளில் வாங்கக்கூடிய, அல்லது இணையத்தில் ஓடர் கொடுத்து எடுப்பிக்கக்கூடிய 9 வோல்ற் பற்றரி வகைகளைத் தேவாலயப் பாடற்குழுவிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் ஒரே அக்ரிவ் பேஸ் கிற்றாரில் மாற்றி மாற்றிப் பாவித்துப் பார்த்திருக்கிறேன். அக்ரிவ் என்பது, பற்றரியில் ஓடும் சிறிய பெருக்கிச் சுற்றைத் தன்னுள்ளே கொண்ட கிற்றார். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடையில் வாசிப்பவருக்குச் சாதாரண அல்கலைன் பற்றரியே நம்பத்தக்கது. யு.எஸ்.பி. வயரால் சார்ச் செய்கின்ற லிதியம் பற்றரியை, அதன் விளம்பரம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், பேஸ் கிற்றாருக்குள் வைக்குமாறு நான் எவருக்கும் சொல்லமாட்டேன். இவ்விரண்டையும்விட முக்கியமான இன்னொன்றும் உண்டு. பற்றரி வேகமாக இறங்குகிறது என்று என்னிடம் கொண்டுவரப்பட்ட கிற்றார்களுள் பெரும்பாலானவற்றில் குறை பற்றரியில் இருக்கவில்லை. நிறுவனப் பெயர்களை நான் தரவில்லை; ஒரே வகைப் பற்றரிகளுக்குள் நிறுவனத்துக்கு நிறுவனம் உள்ள வேறுபாட்டைவிட, வகைக்கு வகை உள்ள வேறுபாடே மேடையில் உணரக்கூடியது.

பற்றரியே தேவைப்படாத பாசிவ் கிற்றாரை வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம் தரவேண்டும். கிற்றாரின் பிக்கப் என்பது, நரம்பின் அதிர்வை மின்சைகையாக மாற்றுவதற்காகக் காந்தங்களைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய ஒரு சுருள். அதிலிருந்து வெளிவரும் மின்சைகை மிகச் சிறியது. அதன் வெளியீட்டுத் தடையோ பெரியது. அப்படிப்பட்ட சைகையை நீண்ட வயரினூடாக அனுப்பும்போது, வயரின் கொள்ளளவம் (மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் தன்மை) காரணமாக உயர் சுரங்கள் மங்கிவிடும். வீட்டில் மூன்று மீற்றர் வயரில் வாசிக்கும்போது இது காதுக்குப் படாது. ஆனால் வைகாசிப் பொங்கல் காலத்து வற்றாப்பளையிலோ, பரந்தன் முல்லைத்தீவு வீதியோரக் கோயில் ஒன்றின் பூங்காவனத் திருவிழாவிலோ மேடை போடுகிறவர்கள் ஒலிகளைக் கலக்கும் மிக்சரை எங்கே வைப்பார்கள் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியாது. சில இடங்களில் மேடைக்குப் பக்கத்தில் இருக்கும். சில இடங்களில் மைதானத்தின் மறுகோடியில், ஜெனரேற்றருக்கு அருகே இருக்கும். கிடைக்கின்ற வயர்களை ஒன்றோடொன்று தொடுத்துத்தான் வாசிக்கவேண்டி வரும். அந்த இடத்தில் அக்ரிவ் கிற்றாரின் அருமை விளங்கும். அதனுள்ளே இருக்கும் பிரீஅம்ப் என்கின்ற சிறிய சுற்று, சைகை கிற்றாரை விட்டு வெளியேறுவதற்கு முன்பே அதன் வெளியீட்டுத் தடையைக் குறைத்துவிடுவதால், வயர் நீண்டாலும் சுரத்தின் தெளிவு குறையாது. பேஸ் என்கின்ற தாழ்ந்த ஒலி, ரெபிள் என்கின்ற உயர்ந்த ஒலி ஆகியவற்றை வெட்டுவது மட்டுமல்லாமல் கூட்டவும் முடியும். 1976 இல் மியூசிக் மான் நிறுவனத்தின் ஸ்ரிங்ரே வெளிவந்து, பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்ட கிற்றார் ஒன்றில் இந்தச் சுற்று இடம்பெற்ற காலந்தொட்டு, உலகெங்கும் பேஸ் வாசிப்பவர்கள் இதற்காகத்தான் ஒரு பற்றரியைச் சுமக்கச் சம்மதித்தார்கள். எங்கள் மேடைகளுக்கு இது ஆடம்பரம் அல்ல, தேவை என்றே நான் கருதுகிறேன்.

பிரீஅம்புக்கு வேண்டிய மின்சாரம், ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் அம்பிலிருந்து வயர்வழியாக வருவதில்லை. கிற்றாரின் பின்புறத்தில் உள்ள சிறிய அறைக்குள் இருக்கும் 9 வோல்ற் பற்றரியே அதைத் தருகிறது. பெரும்பாலான அக்ரிவ் கிற்றார்களில் இந்தப் பற்றரிக்கென்று தனியான சுவிட்ச் கிடையாது. வயரைச் செருகும் துவாரமே சுவிட்ச் ஆகும். கிற்றாரின் உடலில் பொருத்தியிருப்பது மூன்று தொடுகைகள் கொண்ட ஸ்ரீரியோ ஜக். நாம் செருகுவதோ நுனியும் தண்டும் மட்டும் உள்ள 6.35 மில்லிமீற்றர் மொனோ பிளக். பற்றரியின் மறை முனையை ஜக்கின் நடு வளையத் தொடுகையில் இணைத்திருப்பார்கள். மொனோ பிளக்கின் நீண்ட தண்டு உள்ளே போனவுடன் அது நடு வளையத்தையும், நிலம் எனப்படும் பொதுத் தொடுகையையும் ஒன்றாக இணைத்துச் சுற்றை முடித்துவிடுகிறது. பிளக்கை இழுத்தெடுத்தால் சுற்று அறுபடுகிறது. ஆகவே வயர் செருகியிருக்கும் ஒவ்வொரு கணமும் பற்றரி இறங்கிக்கொண்டிருக்கிறது. அம்பை நிறுத்துவதாலோ, மிக்சரில் அந்த வழியை மூடுவதாலோ, கிற்றாரைத் தாங்கியில் சாய்த்து வைப்பதாலோ இது மாறாது.

எங்கள் குழுவில் புதிதாகப் பேஸ் பழகும் தம்பி ஒருவர், "அண்ணை, வோல்யூமைப் பூச்சியத்தில வைச்சிட்டால் காணாதோ?" என்று கேட்டார். அவர் மட்டுமல்ல, பல காலம் வாசித்தவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வோல்யூம் குமிழ் சைகையின் அளவை மட்டுமே குறைக்கிறது. பிரீஅம்ப் தான் உயிரோடு இருப்பதற்காக எடுக்கும் மின்னோட்டம், நாம் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும், மெதுவாக வாசித்தாலும் ஓங்கி வாசித்தாலும், ஏறத்தாழ ஒரே அளவுதான். கணக்கைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். நல்ல அல்கலைன் பற்றரி ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 500 மில்லியம்பியர் மணி. பிரீஅம்பின் ஓட்டம் அதில் உள்ள ஐ.சி. என்கின்ற சில்லின் வகையைப் பொறுத்தது. டி.எல்.062 என்கின்ற குறைவலு ஐ.சி.யில் உள்ள இரண்டு பெருக்கிகளும் சேர்ந்து சாதாரணமாக 0.4 மில்லியம்பியரே எடுக்கும். அதே அளவும் அதே கால்களும் உள்ள டி.எல்.072 ஏறத்தாழ 2.8 மில்லியம்பியர் எடுக்கும். முதலாவதில் பற்றரி ஆயிரம் மணித்தியாலத்துக்கு மேல் ஓடவேண்டும். இரண்டாவதில் இருநூறு மணித்தியாலத்தைத் தொடாது. நடைமுறையில் 7 வோல்றுக்குக் கீழே போனதும் ஒலி கெடத் தொடங்கும் சுற்றுகள் உண்டு. அவற்றில் இந்தக் கணக்கிலும் குறைவாகவே கிடைக்கும். அப்படியிருந்தும், கிழமையில் ஆறு மணித்தியாலம் வாசிக்கும் ஒருவருக்கு, மூன்று மில்லியம்பியர் எடுக்கின்ற தாகமான சுற்றில்கூட ஒரு பற்றரி அரையாண்டுக்குப் போதுமானது. அதே கிற்றாரில் ஞாயிறு பூசை முடிந்து வயரைக் கழற்றாமல் பீடத்துக்குப் பக்கத்தில் விட்டுச் சென்றால், 168 மணித்தியாலம் கழித்து அடுத்த ஞாயிறு வரும்போது பற்றரி செத்திருக்கும். இரண்டு முடிவுகளுக்கும் பற்றரி ஒன்றுதான்.

வயர் இல்லாமல் வாசிப்பதற்கான சிறிய டிரான்ஸ்மிற்றர்கள் இப்போது இளைஞர்களிடையே பரவலாக உள்ளன. கிற்றாரின் ஜக்கில் நேரடியாகச் செருகும் அந்தக் கருவியை நிறுத்தினால் எல்லாம் நின்றுவிட்டது என்று எண்ணத் தோன்றும். ஆனால் அதன் பிளக்கும் மொனோதான். கருவி உறங்கினாலும் பிளக் உள்ளே இருக்கும்வரை பிரீஅம்ப் விழித்திருக்கும். கிற்றாரை உறைக்குள் இடும்போது அதையும் கழற்றத்தான் வேண்டும்.

இனிப் பற்றரிகளைப் பார்ப்போம். எத்தனை மணித்தியாலம் ஓடும் என்பதைக் கொண்டே பெரும்பாலானோர் பற்றரியை மதிப்பிடுகிறார்கள். நான் அதை இரண்டாம் இடத்தில் வைக்கிறேன். மேடையில் நிற்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது, அந்தப் பற்றரி எப்படி முடிவடைகிறது என்பது. முன்னறிவித்தல் தந்து மெல்ல மெல்ல மங்குகின்ற பற்றரியோடு ஒரு கச்சேரியைச் சமாளித்து முடிக்கலாம். கடைசி நொடிவரை நிறைந்த பலத்தோடு இருந்துவிட்டுத் திடீரென்று அணைகின்ற பற்றரி, பல்லவிக்கு நடுவில் குழு முழுவதையும் கைவிட்டுவிடும்.

அல்கலைன் பற்றரி இந்த அளவுகோலில் மிக நன்றாக நிற்கிறது. புதியதை, வோல்றையும் மின்னோட்டத்தையும் அளக்கும் மல்ரிமீற்றரில் அளந்தால் 9 வோல்றுக்குச் சற்று மேலே, பெரும்பாலும் 9.5 அளவில் காட்டும். பாவிக்கப் பாவிக்க அந்த அளவு ஒரு சரிவில் இறங்கும். இந்தச் சரிவே நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. வோல்ற் குறையும்போது முதலில் அடிபடுவது பிரீஅம்ப் தாங்கக்கூடிய சைகையின் மேல் எல்லை; அதனால் ஓங்கித் தட்டும் சுரங்களும், ஐந்து நரம்புக் கிற்றாரில் மிகத் தாழ்ந்த சுரம் தரும் பி நரம்பும் சற்று முரடாக, உடைந்தாற்போல் ஒலிக்கத் தொடங்கும். மெதுவாக வாசிக்கும் சுரங்கள் அப்போதும் சுத்தமாகவே இருக்கும். அந்த நிலையில் பேஸ் குமிழைக் குறைத்து, விரல் அழுத்தத்தையும் குறைத்தால், எஞ்சிய பாடல்களைக் கேட்பவர்கள் கவனிக்காத வகையில் வாசித்து முடிக்கலாம். என் கிற்றாரின் ஓட்டம் ஒரு மில்லியம்பியரைச் சற்றுத் தாண்டுவது; அதில் அல்கலைன் பற்றரி ஒரு திருவிழாக் காலம் முழுவதற்கும் போதுமானதாக இருந்தது. 8 வோல்றுக்குக் கீழே காட்டினால் அதைக் கிற்றாரிலிருந்து எடுத்து வீட்டில் உள்ள மல்ரிமீற்றருக்குக் கொடுத்துவிட்டுப் புதியதை வைப்பது என் வழக்கம். மல்ரிமீற்றர் 9 வோல்ற் பற்றரியில் ஓடுவதாக இருந்தால் அந்த எஞ்சிய பலமும் வீணாவதில்லை. பாவிக்காமல் பெட்டியில் வைத்திருந்தாலும் பல ஆண்டுகள் பலத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் என்பது இன்னொரு நன்மை. வாங்கும்போது பற்றரியின் உடலில் 6எல்.ஆர்.61 என்று அச்சிட்டிருக்கிறதா, காலாவதித் திகதி இன்னும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பலசரக்குக் கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பது காபன் வகை. அதில் 6எப்.22 என்று இருக்கும். கொள்ளளவு குறைவு, இறங்கிய பின் கசிகின்ற வாய்ப்பும் கூடுதல். தகரக் கூரைக்குக் கீழே வைத்திருக்கும் கிற்றாருக்குள் அதை விட்டுவைக்கக் கூடாது. அவசரத்துக்கு ஓர் இரவு வாசித்துவிட்டு அன்றே கழற்றிவிடுவதானால் பாவிக்கலாம். அதற்கு மேல் அதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சார்ச் செய்யக்கூடிய நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் வகையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இது கெட்ட தெரிவு அல்ல. இதில் முதலில் பார்க்க வேண்டியது வோல்ற். 9 வோல்ற் என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருந்தாலும், உள்ளே ஆறு கலங்கள் இருந்தால் உண்மையான அளவு 7.2 வோல்ற்; ஏழு கலங்கள் இருந்தால் 8.4 வோல்ற். ஆறு கலப் பற்றரியை வைத்தால் கிற்றார் தொடக்கத்திலிருந்தே தேய்ந்த அல்கலைன் பற்றரியில் வாசிப்பதுபோல உடைந்து ஒலிக்கலாம். ஏழு கலப் பற்றரி என் கிற்றாரில் குறை சொல்ல முடியாதவாறு வேலை செய்தது. கொள்ளளவு 150 தொடக்கம் 300 மில்லியம்பியர் மணிக்குள் இருக்கும். அதாவது அல்கலைனில் பாதிக்குச் சற்று மேலோ கீழோ. அதன் வோல்ற் நீண்ட நேரம் சமமாக இருந்துவிட்டு முடிவில் விரைவாக விழும். ஆகவே எச்சரிக்கைக் காலம் குறுகியது, ஆனாலும் ஒன்று உண்டு. பெரிய குறை, சும்மா இருந்தாலே தானாக இறங்குவது. வெப்பம் கூடக் கூட இந்த இறக்கமும் வேகமாகும். சித்திரை வைகாசி வெக்கையில் வன்னியில் ஓர் அறைக்குள் கிடக்கும் சாதாரண நிக்கல் பற்றரியை, கடந்த மாதம் சார்ச் செய்ததுதானே என்று நம்பி மேடைக்குக் கொண்டுபோகக் கூடாது. தானாக இறங்குவது குறைவான வகை என்று குறிப்பிட்டு விற்கப்படுவதை வாங்கி, ஒவ்வொரு கச்சேரிக்கும் முதல் நாள் சார்ச் செய்து, கூடவே ஒரு அல்கலைனையும் உறையில் வைத்திருப்பவருக்கு இது பணத்தை மிச்சப்படுத்தும். கிழமைதோறும் ஒழுங்காக வாசிப்பவருக்கு ஏற்றது. மாதத்துக்கு ஒருமுறை கிற்றாரை எடுப்பவருக்கு ஏற்றதல்ல.

யு.எஸ்.பி. துவாரத்தோடு வரும் லிதியம் அயன் பற்றரிதான் இப்போது இளைஞர்கள் கூடுதலாக வாங்குவது. கைத்தொலைபேசிச் சார்ஜரிலேயே சார்ச் செய்யலாம், பலமுறை பாவிக்கலாம் என்பதெல்லாம் உண்மைதான். பேஸ் கிற்றாருக்குள் அது பொருந்தாததற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன. இவ்வகையில் பலவற்றுள் இருப்பது ஒரு 3.7 வோல்ற் லிதியம் கலமும், அதை 9 வோல்றுக்கு உயர்த்தும் ஒரு சிறிய மாற்றிச் சுற்றும் ஆகும். அந்த மாற்றி மின்சாரத்தை மிக வேகமாக வெட்டி வெட்டித்தான் உயர்த்துகிறது. அந்த வெட்டலின் எச்சம் பிரீஅம்புக்குள் நுழைந்து, ஸ்பீக்கரில் மெல்லிய கீச்சொலியாகவோ இரைச்சலாகவோ கேட்கலாம். நான் வாங்கிய ஒன்றில், அம்பின் ரெபிளைக் கூட்டியபோது அது தெளிவாகக் கேட்டது; பாடகர் ஓய்ந்து நிற்கின்ற அமைதியான இடங்களில் அது பொறுக்க முடியாததாக இருந்தது. எல்லாச் சுற்றிலும் இவ்வாறு கேட்க வேண்டும் என்பதில்லை, ஆனால் வாங்கி வைத்துப் பார்க்கும்வரை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அடுத்தது முடிவடையும் முறை. மாற்றி கடைசிவரை 9 வோல்றையே காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே உள்ள கலம் தன் கீழ் எல்லையைத் தொட்டதும் பாதுகாப்புச் சுற்று அதைத் துண்டித்துவிடும். உடைந்த ஒலி இல்லை, மங்கல் இல்லை, எச்சரிக்கை இல்லை. மல்ரிமீற்றரில் அளந்து எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று அறியவும் வழியில்லை, ஏனெனில் நிறைந்திருந்தாலும் முடியும் தறுவாயில் இருந்தாலும் ஒரே எண்தான் காட்டும். பேஸ் கிற்றார் ஒரு குழுவுக்கு வீட்டின் அத்திவாரம் போன்றது. அது திடீரென்று இல்லாமற்போனால், டிறம்ஸ் வாசிப்பவரும் பாடகரும் ஒரே நேரத்தில் தடுமாறிவிடுவார்கள்.

கொள்ளளவைப் பற்றியும் விழிப்பாக இருக்க வேண்டும். உடலில் 1000 மில்லியம்பியர் மணி என்று எழுதியிருந்தால், அது உள்ளே உள்ள 3.7 வோல்ற் கலத்துக்குரிய எண்ணாக இருக்கலாம். 3.7 ஐ 1000 ஆல் பெருக்கி 9 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 410 தான் வருகிறது. மாற்றியில் வீணாவதையும் கழித்தால் அல்கலைனைவிடக் குறைவாகிவிடும். மில்லிவாற் மணி என்ற கணக்கில் எழுதியிருப்பவற்றையும் 9 ஆல் வகுத்தே ஒப்பிட வேண்டும். இந்தப் பற்றரி கையில் பிடிக்கும் மைக்குக்கும் விளையாட்டுப் பொருள்களுக்கும் நன்றாக உதவும். அங்கேயே இருக்கட்டும் என்பது என் கருத்து. 2022 ஆம் ஆண்டு மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டதை அனுபவித்த எவரும், சார்ச் செய்வதை மட்டுமே நம்பியிருக்கின்ற ஒரு பற்றரியை ஒரே துணையாக வைத்திருக்கமாட்டார்கள்.

சார்ச் செய்ய முடியாத லிதியம் 9 வோல்ற் பற்றரியும் உண்டு. புகை எச்சரிக்கைக் கருவிகளுக்காகச் செய்யப்படுவது; 1200 மில்லியம்பியர் மணி வரை கொள்ளளவு உண்டு; மாற்றிச் சுற்று இல்லாததால் இரைச்சலும் இல்லை. விலையும் கூடுதல், எங்கள் பக்கத்துக் கடைகளில் காண்பதும் அரிது. பின்மூடியைத் திறக்க ஆறு திருகாணிகளைக் கழற்ற வேண்டிய பழைய கிற்றார் வைத்திருப்பவருக்கு மட்டும் பரிந்துரைப்பேன்.

வயரை ஒழுங்காகக் கழற்றியும், புதிய அல்கலைன் வைத்தும் பற்றரி சில நாள்களிலேயே இறங்கினால், கிற்றாருக்குள் கசிவு இருக்கிறது என்று பொருள். இங்கேதான் பலர் பற்றரியை மாற்றி மாற்றிப் பணத்தை வீணாக்குகிறார்கள். கண்டுபிடிப்பது கடினம் அல்ல. பற்றரியின் முனைகளில் அழுத்திப் பொருத்தும் வயர்த் தொப்பியைச் சற்றுத் திருப்பி, அதன் ஒரு முனை மட்டும் பற்றரியைத் தொடும்படி செய்ய வேண்டும். பிரிந்து நிற்கும் மற்ற இரண்டு முனைகளுக்கும் இடையில் மல்ரிமீற்றரை மில்லியம்பியர் அளவில் வைத்துத் தொடுத்தால், பற்றரியிலிருந்து போகும் ஓட்டம் மீற்றரினூடாகப் போய் எண்ணாகத் தெரியும். வயர் செருகியிருக்கும்போது சில மில்லியம்பியருக்குள் ஓர் எண் காட்ட வேண்டும். வயரை இழுத்தவுடன் அது பூச்சியமாக வேண்டும். பூச்சியமாகாவிட்டால் குறை ஜக்கில் இருக்கிறது, அல்லது ஜக்கோடு சேரும் வயர்களில் இருக்கிறது.

அக்குறைக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு தளர்ந்த சுரை. ஜக்கைக் கிற்றாரோடு இறுக்கும் சுரை தளர்ந்ததும், பிளக்கைச் செருகும் ஒவ்வொரு தடவையும் ஜக் முழுவதும் உள்ளே சுழலும். சுழலச் சுழல அதன் பின்புறத்து வயர்கள் முறுகி, நடு வளையத்தின் தொடுகை நிலத்தோடு முட்டிக்கொள்ளும். அன்றிலிருந்து பற்றரி இரவு பகலாக இறங்கும், ஆனால் ஒலியில் எந்த வேறுபாடும் தெரியாது. பழுதுபார்ப்பவர் ஸ்ரீரியோ ஜக் கிடைக்காமல் மொனோ ஜக்கைப் போட்டு, பற்றரி வயரை நேரடியாக நிலத்தில் பற்றவைத்துவிட்ட கிற்றார் ஒன்றையும் நான் திறந்து பார்த்திருக்கிறேன். அதன் உரிமையாளர் கிற்றாரையே விற்றுவிடும் எண்ணத்தில் இருந்தார். மூன்று தொடுகை கொண்ட சரியான ஜக்கைப் பொருத்தியதும் அந்தக் குறை முற்றாக நீங்கியது. கோடையில் செம்மண் புழுதியும், மாரியில் ஈரமும் ஜக்கின் தகடுகளில் படிவதால், திருவிழாக் காலம் முடிந்ததும் தொடுகை துப்புரவாக்கும் தெளிப்பானை ஒருமுறை அடித்துவிடுவது நல்லது.

எதிர்மாறான குறை ஒன்றும் உண்டு. புதிய பற்றரி வைத்தும் ஒலியே வராவிட்டால், கையில் உள்ள வயர் ஸ்ரீரியோ வயரா என்று பார்க்க வேண்டும். அதன் நடு வளையம் தனியாக இருப்பதால் ஜக்கினுள்ளே சுற்று முடிவதில்லை, பிரீஅம்ப் எழும்பாது. ஒலி அமைப்பாளர் அவசரத்தில் நீட்டும் வயர்களில் இப்படியானவையும் இருப்பதுண்டு.

கசிந்த பற்றரியின் கறை தொப்பியில் படிந்திருந்தால், அல்கலைன் கசிவுக்குத் தேசிக்காய்ப் புளியையோ வினாகிரியையோ பஞ்சில் சிறிதளவு தொட்டுத் துடைக்க வேண்டும்; காபன் பற்றரியின் கசிவு அமிலத் தன்மை உள்ளதால் அதற்கு அப்பச்சோடாக் கரைசல் பொருந்தும். பின்னர் ஈரமில்லாமல் உலரவிட வேண்டும். தகடு பச்சை பிடித்து அரித்துவிட்டால் தொப்பியையே மாற்றுவது மேல். அது எந்த வானொலி திருத்தும் கடையிலும் கிடைக்கும் சிறிய பொருள். உபரிப் பற்றரியைக் காற்சட்டைப் பையில் திறப்போடும் நாணயக் குற்றிகளோடும் போடக் கூடாது. 9 வோல்ற் பற்றரியின் இரண்டு முனைகளும் பக்கம் பக்கமாக இருப்பதால், ஒரு திறப்பு குறுக்கே விழுந்தாலே போதும், குறுக்குச் சுற்று ஏற்பட்டுப் பற்றரி சூடாகும். புதியதோடு வரும் பிளாஸ்ரிக் மூடியை எறியாமல் வைத்திருக்க வேண்டும்.

புதிதாகவோ பாவித்ததாகவோ அக்ரிவ் பேஸ் வாங்க இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. நிறத்தையும் மரத்தையும் பார்ப்பதற்கு முன், அக்ரிவ் பாசிவ் மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சுவிட்ச் இருந்தால், பற்றரி முற்றாகச் செத்தாலும் பிக்கப்பின் சைகை பிரீஅம்பைச் சுற்றிக்கொண்டு நேராக வெளியேறும். ஒலி சற்று மங்கலாக, அளவில் வேறுபட்டு இருந்தாலும் வாசிப்பு நிற்காது. அது இல்லாத கிற்றாரில் பற்றரி செத்தால் மௌனம்தான். பிக்கப்பே அக்ரிவ் ஆக உள்ளவற்றில் இப்படியொரு மாற்றுவழி இருக்காது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். கடையில் வைத்துச் சோதிக்கும்போது, விற்பவரின் அனுமதியோடு பற்றரியைக் கழற்றிவிட்டு, சுவிட்சைப் பாசிவ் பக்கம் தள்ளி வாசித்துப் பாருங்கள். பற்றரி அறையில் பச்சைக் கறை இருக்கிறதா, ஜக்கை விரலால் அசைத்தால் ஆடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பழுதுபார்க்கத் தெரிந்தவரைத் தேடி யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ ஏ9 வீதியில் பஸ் ஏற வேண்டியிருக்கும் மாங்குளத்து, மல்லாவிப் பிள்ளைகளுக்கு இந்தச் சுவிட்ச் தரும் பாதுகாப்பு, கூடுதலாக ஒரு பிக்கப் இருப்பதைவிடப் பெறுமதியானது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பல கிற்றார்களில் சுவிட்சைப் பாசிவ் பக்கம் தள்ளினாலும் பற்றரி இறங்கிக்கொண்டேதான் இருக்கும், ஏனெனில் பற்றரியைத் துண்டிப்பது அந்தச் சுவிட்ச் அல்ல, ஜக்.

கடைசியாக, இரண்டு பற்றரிகளைத் தொடராக இணைத்து 18 வோல்ற் ஆக்கினால் பற்றரி இரண்டு மடங்கு காலம் ஓடுமா என்று கேட்கிறார்கள். ஓடாது. தொடராக இணைக்கும்போது வோல்ற் கூடுகிறது. கொள்ளளவு அப்படியே இருக்கிறது. ஒரே ஓட்டம் இரண்டினூடாகவும் போவதால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். கிடைக்கும் நன்மை, ஓங்கித் தட்டும் சுரங்கள் உடையாமல் இருப்பதற்கான மேல் எல்லை உயர்வதுதான். பிரீஅம்பைச் செய்தவர்கள் 18 வோல்றை அனுமதித்திருந்தால் மட்டுமே இதைச் செய்யலாம். அனுமதிக்காத சுற்றில் ஐ.சி.யோ கொள்ளளவியோ எரிந்துபோகலாம். திருவிழா மேடையில் டிறம்ஸ்சுக்கும் கீபோட்டுக்கும் நடுவில் நின்று வாசிக்கும் ஒருவருக்கு அந்த வேறுபாடு கேட்பதில்லை. இரண்டாவது பற்றரிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு மல்ரிமீற்றர் வாங்கலாம்.